வெளியே வெயில், உள்ளே ஏர்கான்: சிங்கப்பூரில் தினமும் எந்தச் செண்டு?

யூடியூபில் செண்டு விமர்சனம் செய்கிற எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். கோடைக்கு எலுமிச்சை, குளிருக்கு வெனிலா, வசந்தத்துக்குப் பூ, இலையுதிர் காலத்துக்கு மரவாசனை. சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பகலில் 31, 32 டிகிரி, ராத்திரி 24, 25, வருஷம் முழுக்க இதே கதைதான். விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழை பெய்யாத மத்தியானத்தில் 60 பக்கம் இறங்கும், நமக்கு வாய்த்த பருவமாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஒரே காலைப்பொழுதில் நாம் கடந்து போகிற தட்பவெப்பத்தை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் வேர்வை, ரயிலுக்குள் குளிர், ராஃபிள்ஸ் பிளேசில் படியேறி வெளியே வந்தால் மறுபடி வேர்வை, அப்புறம் சாயங்காலம் வரை சால்வை போர்த்திக்கொள்ள வைக்கிற அலுவலக ஏர்கான். அதனால் என் கட்சி இதுதான்: இன்றைக்கு என்ன பூசலாம் என்று யோசிக்கும்போது சன்னலுக்கு வெளியே பார்க்காதீர்கள், எட்டு மணி நேரம் எந்த அறையில் யார் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. செண்டு ஆவியானால்தான் மணக்கும், தோல் சூடானால் வேகமாக ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் மாதிரியான லேசான வாசனைகள் முதலில் கிளம்பிவிடும்; சந்தனம், வெட்டிவேர், பச்சிலை, கஸ்தூரி மாதிரி கனமானவை கடைசி வரைக்கும் தோலோடு ஒட்டிக்கிடக்கும். வெயிலில் பத்து நிமிஷம் நடந்து போனால் பாதிச் செண்டை பஸ் நிறுத்தத்துக்கே கொடுத்துவிட்டுத்தான் அலுவலகம் சேருகிறோம். அங்கே குளிரில் மிச்சம் அடங்கிவிடும், நம் மூக்கும் அதற்குள் பழகிப்போயிருக்கும், 'ஐயோ, எல்லாம் போய்விட்டதே' என்று கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து மறுபடி அடித்துக்கொள்வோம். ஒன்றும் போயிருக்காது. சந்தேகம் இருந்தால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேளுங்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டே சொல்வார்.

பாட்டிலில் எழுதியிருப்பதையும் கொஞ்சம் பாருங்கள். கொலோன் என்றால் வாசனை எண்ணெய் சுமார் 2 முதல் 4 விழுக்காடு, ஓ டி டாய்லெட் 5 முதல் 15, ஓ டி பர்ஃபம் 15 முதல் 20. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆனாலும் தோராயமாகச் சரிதான். தினமும் போட்டுக்கொள்ள இந்த ஊருக்கு ஓ டி டாய்லெட் போதும். பர்ஃபம் அதிக நேரம் நிற்கும், காசுக்கு அதுதான் லாபம் என்று கடையில் சொல்வார்கள். நிற்கும்தான், மின்தூக்கியில் ஏறுகிற மற்ற ஏழு பேருக்கும் சேர்த்து நிற்கும்.

இப்போது என் மேசைமேல் இருப்பவை.

வேலை நாளுக்கு எர்மேஸின் டேர் டெர்மேஸ், 2006-இல் வந்தது. ஆண்களுக்கென்று விற்கிறார்கள், நான் பெண், என் தோல் அந்த விளம்பரத்தைப் பார்க்கவில்லை. ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் கண்ணில் பட்டு எரிகிற மாதிரி ஒரு சாரல் வருமே, முதல் ஐந்து நிமிஷம் அதுவேதான். பிறகு மிளகு, அப்புறம் வெயிலில் காய்ந்த கல், கடைசியில் வெட்டிவேரும் தேவதாரு மரமும். இனிப்பு அதிகமில்லை, வேர்வையோடு கலந்தாலும் கெட்ட நாற்றமாக மாறுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். இரண்டு அமுக்கு, கழுத்துக்குக் கீழே சட்டைக்குள்ளே, அவ்வளவே. உள்ளே அடித்தால் ஏர்கானில் உடம்பு சூட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும், எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குப் போய் முட்டாது.

ஆண்களுக்குச் சொல்வதென்றால், அக்வா டி ஜியோ 1996-இல் வந்தது, இன்றைக்கும் இந்த ஊர் வெயிலுக்குக் குறைசொல்ல முடியாத செண்டுதான், கடல்காற்றும் எலுமிச்சையுமாக இருக்கும். ஒரே குறை, திங்கட்கிழமை காலை எங்கள் கட்டடத்து மின்தூக்கியில் யார் ஏறினாலும் இறங்கினாலும் அதே வாசனை. டியோரின் சவாஜ் 2015-இல் வந்தது, இன்னும் சத்தமாகப் பேசும். பிடித்திருந்தால் போடுங்கள், ஒரே ஒரு அமுக்கு போதும். தம்பிகள் ஆறு ஏழு அமுக்கு அமுக்கிக்கொண்டு எம்ஆர்டியில் ஏறினால் பக்கத்தில் நிற்கிற தாத்தாவின் கோடாலித் தைலமே தோற்றுவிடுகிறது. கோடாலித் தைலம் தோற்கிற அளவு என்றால் நம் ஊரில் அது சாதாரண விஷயமா?

வெனிலா, கேரமல், சாக்லேட் வகை செண்டுகள் எனக்கு இங்கே ஒத்துவருவதே இல்லை. 1992-இல் வந்த முக்லரின் ஏஞ்சல்தான் இந்த இனிப்புக் குடும்பத்துக்கு மூத்தது, அது நல்ல கைவேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உணவங்காடியிலிருந்து திரும்பும் வழியில் யாராவது அந்த வகையைப் போட்டுக்கொண்டு மின்தூக்கியில் ஏறினால், அடைத்த அறைக்குள் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற மாதிரி இருக்கிறது. ராத்திரி, திறந்த வெளியில், டிசம்பர் ஜனவரி மழையில் வெப்பநிலை 22, 23-க்கு இறங்குகிற நாட்களில் என்றால் சரி. வருஷத்தில் அப்படி எத்தனை நாள் கிடைக்கும்?

பூவாசனைக்கு டிப்டீக்கின் டோ சோன், 2005. வியட்நாமின் கடற்கரை ஊர் ஒன்றின் பெயர் அது, உள்ளே இருப்பது நிலசம்பங்கி. கல்யாண மண்டப வாசலில் மாலை வைத்திருக்கும் தட்டுப் பக்கம் போனால் வருமே அதே சம்பங்கி, ஆனால் கொஞ்சம் உப்புக் காற்று பட்டு இளைத்தது. புடவை கட்டுகிற நாளில் இதுதான். ஆனால் பட்டில் நேராக அடிக்காதீர்கள், கறை போகாது. தலையில் மல்லிகை வைக்கிற நாளில் செண்டே வேண்டாம் என்பது என் எண்ணம். லிட்டில் இந்தியாவின் பஃபலோ ரோட்டில் ஒரு முழம் வாங்கி வைத்தால் அதற்கு மேல் எந்தப் பாட்டிலும் பேச முடியாது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் கெட்டுவிடும்.

சரி, இனிமேல்தான் நான் நிஜமாகவே சொல்ல வந்தது. அரப் ஸ்திரீட் பக்கம்.

சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நீளும் பஸ்ஸோரா ஸ்திரீட்டிலும் அரப் ஸ்திரீட்டிலும் அத்தர் கடைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும், வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் மட்டும் அங்கே போவோம். 1933-இல் தொடங்கிய ஜமால் கஸூரா அரோமாட்டிக்ஸ் அங்கேதான். அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைக்காரரான ஜோஹாரி கஸூரா நடத்துகிற சிஃபர் அரோமாட்டிக்ஸ் அரப் ஸ்திரீட்டில் இருக்கிறது, அங்கே உங்களுக்கென்று தனியாகக் கலந்தே கொடுப்பார்கள். நான் வழக்கமாக நிற்பது அதே வட்டாரத்தில் பெயர்ப்பலகையே சரியாகத் தெரியாத ஒரு சின்னக் கடை. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் பாய்தான்.

அவர் முதலில் கேட்பது எந்த வாசனை பிடிக்கும் என்றல்ல. "எங்கம்மா போட்டுட்டுப் போகப்போறீங்க?" என்பார். "ஆபீசுக்குத்தான் பாய், ஒரே ஏர்கான்" என்றேன். "அப்ப ரோஜா வேணாம், ஊது, அதான் அகில், அதுவும் வேணாம், இதப் பாருங்க" என்று கண்ணாடிப் பாட்டிலின் மூடியைத் திருகினார். மூடியோடு சேர்ந்த கண்ணாடிக் குச்சியின் நுனியில் ஒரு சொட்டு பச்சையாகத் தொங்கியது. சாயம் போட்டிருக்கிறார்களோ என்று பார்த்தேன். செம்புப் பாத்திரத்தில் வடிக்கிற வெட்டிவேர் எண்ணெய்க்கு அந்த நிறம் தானாக வரும் என்றார், வட இந்தியாவில் ரூ கஸ் என்பார்களாம். மணிக்கட்டில் குச்சியை இழுத்தார், நான் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் சேர்க்கப் போனேன். "தேய்க்காதீங்கம்மா, அப்படியே விடுங்க. இப்ப காசு எடுக்காதீங்க. வெளிய ஒரு சுத்து சுத்திட்டு, எங்கயாச்சும் ஏர்கான்ல டீ குடிச்சிட்டு வாங்க. அப்பவும் புடிச்சிருந்தா பாப்போம்."

செண்டு விற்கிற எந்த இடத்திலும் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. வாங்காமல் போய்விட்டு வா என்று ஒரு வியாபாரி சொல்வது சின்ன விஷயமில்லை, அதுவும் இந்த வாடகைக்கு. வெயிலில் பள்ளிவாசலைச் சுற்றி வந்தபோது அந்த வெட்டிவேர் கூடத்துப் பானைத் தண்ணீர் வாசனையாக இருந்தது, டீக்கடை ஏர்கானில் வேர்மண் தனியாகத் தெரிந்தது, ஒரு மணி நேரம் கழித்து லேசான புகையாக மிஞ்சியது. மூன்று மில்லி வாங்கினேன், பதினைந்து சிங்கப்பூர் வெள்ளிக்குள்தான் ஆனது. சாராயம் கலக்காத எண்ணெய் என்பதால் வெயிலில் விசுக்கென்று பறந்துபோவதில்லை. நெருங்கி வருகிறவருக்கு மட்டும் தெரியும். அலுவலகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்.

குறைகளும் உண்டு. வெள்ளைப் பருத்திச் சட்டையில் பட்டால் மஞ்சள் கறை விழும், எனவே தோலில் மட்டும். லேபிளில் என்ன கலந்திருக்கிறது என்ற விவரம் பல கடைகளில் இருக்காது. மைசூர்ச் சந்தனம், சுத்தமான ஊது என்று யாராவது சில வெள்ளிக்குக் கொடுத்தால் அது சுத்தமாக இருக்க வழியே இல்லை, மூலப்பொருளின் விலையே அதைவிடப் பல மடங்கு. பிரபல செண்டுகளின் சாயலில் எண்ணெயும் விற்கிறார்கள், அதற்காக அங்கே போக வேண்டாம். தோலா கணக்கில் பெரிய பாட்டில், அதாவது ஏறக்குறைய 12 மில்லி, எடுத்தவுடன் வாங்காதீர்கள். தினம் ஒரு சொட்டு என்றால் அது வருஷக்கணக்கில் தீராது.

மழை நாளுக்கு அங்கேயே மண் அத்தர் கேட்டுப் பாருங்கள். வட இந்தியாவின் கன்னோசியில் சுட்ட களிமண்ணைத் தண்ணீரில் வேகவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் பிடிக்கிறார்கள். முதல் மழை வாசனை என்று சொல்லி விற்பார்கள், ஓரளவு உண்மைதான். இதே எண்ணத்தில் எர்மேஸ் 2008-இல் மழைக்குப் பிந்தைய கேரளத்தை வைத்து ஒரு செண்டு போட்டது, அதில் இஞ்சியும் ஏலக்காயும் முலாம்பழமுமாக இருக்கும். அந்த முலாம்பழம் எனக்குப் பிடிக்கவில்லை, என் தங்கைக்கு உயிர்.

கடைத்தொகுதிகளில் வாங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்ச்சர்ட் பக்கம் ஒரு பெரிய கடையில் ஐந்து காகிதப் பட்டைகளை அடுத்தடுத்து என் மூக்கில் நீட்டி, இன்றோடு சலுகை முடிகிறது என்று மூன்று தடவை சொல்லி, கடைசியில் வாங்காமல் நகர்ந்ததும் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காகிதத்துக்கு வேர்வையும் இல்லை, சூடும் இல்லை, அதில் மோந்து பார்த்து 200 வெள்ளி கொடுக்கலாமா? தோலில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு மில்லி மாதிரிக் குப்பி விற்கிற இடங்கள் இருக்கின்றன, அதை வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மனநிலை பற்றியும் கேட்பார்கள். சோகமாக இருந்தால் எலுமிச்சை, தைரியத்துக்கு லெதர் வாசனை என்றெல்லாம் எனக்குத் தெரியாது. எரிச்சலாக இருக்கிற காலையில் இனிப்பு வாசனை எரிச்சலைக் கூட்டும், வெட்டிவேர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும், அதனால் அது. கடினமான கூட்டம் இருக்கிற நாளில் புதுச்செண்டு எதையும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது எதுவுமே போடுவதில்லை. நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பது ஒரு பக்கம். அதோடு அங்கே பூசிக்கொண்டு போன வாசனை அந்த வராந்தாவோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைத் தொட மனசு வராது. என் அம்மாவுக்காக அலைந்த மாதங்களில் போட்டிருந்த ஒரு நல்ல செண்டு இன்னும் முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது. ராத்திரி குளித்துவிட்டு வீட்டில் இருக்கும்போது 4711 கொலோன், பச்சை நீலத் தங்க லேபிள் ஒட்டிய அதே பழைய பாட்டில்தான். குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்துப் பிடரியில் தடவினால் அரை மணி நேரம் சுகம், அப்புறம் சுவடே இருக்காது, தூங்குகிறவளுக்கு அது போதும். ஜவ்வாது வெள்ளிக்கிழமைக்கு மட்டும்.

பாட்டிலைக் குளியலறையில் வைக்காதீர்கள். சூடு, வெளிச்சம் இரண்டும் செண்டுக்கு ஆகாது. சன்னல் ஓரத்து அலங்கார மேசையும் அப்படித்தான், மத்தியான வெயில் விழுகிற வீவக (அரசு அடுக்குமாடி) வீடாக இருந்தால் உடுப்பு அலமாரிதான் நல்ல இடம். பெர்கமோட் போட்ட சில செண்டுகளைக் கழுத்தில் அடித்துக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கறுத்துத் திட்டு விழலாம், கடற்கரைக்குப் போகிற நாளில் அதைத் தவிர்த்துவிடுங்கள். சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வருகிற வாரங்களில் நான் எதையும் திறப்பதே இல்லை, புகையோடு கலந்தால் நல்ல அத்தர்கூட எரிந்த வாடை அடிக்கிறது.

அரப் ஸ்திரீட்டுக்குப் போகிறவர்கள் பூகிஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கலாம், சனி சாயங்காலம் சுற்றுப்பயணிகள் கூட்டத்தில் நின்று மோந்து பார்க்க முடியாது. வேலை நாளில் பதினோரு மணி வாக்கில் போங்கள், அன்றைக்கு வீட்டில் எதையும் பூசிக்கொள்ளாமல் போங்கள், ஒரு கைக்கு ஒரு வாசனைக்கு மேல் வாங்கிக்கொள்ளாதீர்கள்.