கவுண்டி சிறை ரோந்துக் கருவி: பொத்தான் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்கக் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சிறைகளில் காவலர் உரிய நேரத்தில் சுற்றி வந்தாரா என்று பதிவு செய்யும் கருவி இது. கையடக்கமான ஒரு ரீடர். சுவரில் பதித்த உலோகப் பொத்தானை அந்த ரீடரால் தொட்டால் நேரம் பதிவாகும். காகிதப் பதிவேட்டில் போகாத சுற்றையும் ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து எழுதிவிடலாம். இதில் அது நடக்காது. அதற்காகவே வாங்கலாம்.

2015 ஜூலையில் டெக்சஸின் வாலர் கவுண்டி சிறையில், போக்குவரத்துச் சோதனையில் கைதான சாண்ட்ரா பிளாண்ட் என்ற பெண் இறந்தார்; தற்கொலை என்று முடிவானது. முன்பு தற்கொலைக்கு முயன்றவர் என்று சேர்க்கைப் படிவத்திலேயே இருந்தது. இருந்தும் தற்கொலைத் தடுப்புக் கண்காணிப்பில் வைக்கவில்லை. மணிக்கொரு முறை நேரில் பார்க்கும் விதியும் மீறப்பட்டதாக மாநிலச் சிறைத் தர ஆணையம் கண்டது. 2017இல் அவர் பெயரிலேயே வந்த சட்டம், ஆபத்தில் இருப்பவர்களின் அறைகளுக்கு மின்னணு சென்சாரோ கேமராவோ வைக்கச் சொன்னது.

வைத்தால் மட்டும் போதாது. பொத்தானை நடைபாதையின் இரு முனையில் மட்டும் பதித்தால், காவலர் எந்த அறைக்குள்ளும் பார்க்காமலே அறிக்கை நூற்றுக்கு நூறு காட்டும். ஒவ்வொரு கதவிலும், உள்ளே பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே பொத்தான் வேண்டும். தொடும்போது முகம் உள்ளே திரும்பியாக வேண்டும். தூங்குபவரின் போர்வை ஏறி இறங்குவதைப் பார்த்தால்தான் அது ஒரு சுற்று.

நிறுவும் வரிசையிலும் தவறு நடக்கிறது. 2005, 2006இல் நடந்த 464 சிறைத் தற்கொலைகளை ஆராய்ந்த ஆய்வில், கிட்டத்தட்ட கால்வாசி முதல் 24 மணி நேரத்துக்குள் நடந்தவை. ஆகவே புதிதாகக் கொண்டுவந்தவர்களை வைக்கும் அறைகளுக்கும் தனிமை அறைகளுக்கும்தான் முதல் பொத்தான். செலவைக் குறைக்க அவற்றை விட்டுவிடுவது மன்னிக்க முடியாத சிக்கனம்.

ஷிப்ட் முடிந்து ரீடரை ஸ்டாண்டில் வைத்த பிறகே தரவு இறங்கும் மாடலைத் தவிர்த்துவிடுங்கள். இரவில் தவறிய சுற்று காலையில்தான் தெரியவரும். சுற்று தாமதமானதுமே மேற்பார்வையாளருக்கு அலாரம் போகும் வயர்லெஸ் மாடல்தான் உயிர் காக்கும். கண்காணிப்பில் இருப்பவருக்கு இடைவெளி 15 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அதையும் ஒரே சீராக வைக்காமல் முன்பின்னாக மாற்ற வேண்டும். உடனடி ஆபத்தில் இருப்பவரை எந்தக் கருவியிடமும் விட முடியாது. ஆள் ஒருவர் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு ஓட்டை: யார் ஆபத்தில் இருக்கிறார் என்பது கருவிக்குத் தெரியாது. செவிலியர் குறித்தது காவலர் மேசைக்கு வராமல் போகும். கைதியை அறை மாற்றினாலும் பட்டியலில் பழைய எண்ணே நிற்கும். ஷிப்ட் மாறும்போதெல்லாம் செவிலியரும் காவலரும் சேர்ந்து பட்டியலைத் திருத்த வேண்டும். வாரம் பத்துப் பதிவுகளை எடுத்து கேமராக் காட்சியோடு ஒப்பிடுங்கள்: காவலர் நின்றாரா, உள்ளே பார்த்தாரா, எத்தனை நொடி?