பாலைவனம் தாங்கிய சாமான், உப்புக்காற்று தாங்கவில்லை

பாறை ஏறுவதற்கும் கூடாரம் போட்டுத் தங்குவதற்கும் வாங்கிய சாமான்களைப் பல வருடங்களாக வைத்திருக்கிறேன். வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். இந்தப் பொருள்களைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை குளிரும் வறட்சியும் உள்ள ஊர்க்காரர்கள் எழுதியவை. நம் பக்கத்து அலமாரியில் கிடந்தால் எது எவ்வளவு காலம் வரும் என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

இவை பார்த்ததிலேயே கடுமையான இடம் கலிஃபோர்னியாவில் உள்ள ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் வேலை பார்க்கும் மச்சானோடு டிசம்பர் கடைசியில் போனேன். கோடையில் அங்கே பாறையைத் தொடவே முடியாது, குளிர்காலம்தான் சீசன். பகலில் 15 டிகிரி செல்சியஸ் இருக்கும், இரவில் உறைநிலைக்கு இறங்கிவிடும். நாங்கள் தங்கிய ஹிட்டன் வேலி முகாமில் தண்ணீர்க் குழாய் கிடையாது. குடிக்க, சமைக்க, பல் துலக்க எல்லாமே காரில் வந்த கேன் தண்ணீர்தான். விறகு பொறுக்கவும் தடை, அதையும் வெளியிலிருந்து வாங்கித்தான் வர வேண்டும்.

பாறையைப் பார்த்ததும் செஞ்சி ஞாபகம் வந்தது, அதே உருண்டைக் குவியல். தொட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது. புதிதாகக் கொத்திய அம்மி போல அவ்வளவு சொரசொரப்பு. விரிசலில் கையைச் செருகி ஏறுகிறவர்கள் டேப் சுற்றாமல் போனால் புறங்கைத் தோல் மிஞ்சாது. என் க்ளைம்பிங் ஷூவின் முனை ரப்பர் ஹம்பியிலும் பாதாமியிலும் தேய்ந்ததைவிட அங்கே வேகமாகத் தேய்ந்தது. ஆனால் குளிரில் ரப்பர் பிடித்த பிடி நம் ஊர் வெயிலில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தக் குளிர்வரை தாங்கும் என்பதற்கு கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று அளவு இருக்கும். நிம்மதியாகத் தூங்க முடிகிற கம்ஃபர்ட் எண்தான் நமக்கு. மார்கழிப் பனிக்கே மஃப்ளர் தேடுகிற உடம்புக்கு லிமிட் எண்ணை நம்பினால் ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியதுதான். என்னுடையது கம்ஃபர்ட் 0 டிகிரி, வாத்து இறகு அடைத்தது. தெர்மல் உடையும் குல்லாயும் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அடியில் போடும் மேட்டும் அந்தப் பை அளவுக்கே முக்கியம், தரை சூட்டை உறிஞ்சிவிடும். காற்றடிக்கும் மேட் என்றால் கீழே ஒரு ஃபோம் மேட்டும் வேண்டும். அந்த ஊர்க் கள்ளிமுள் விடாது.

சரி, அங்கே இத்தனை குளிரும் மணலும் பார்த்த சாமான் கடலூரில் என்ன ஆனது?

முதலில் போனது கூடாரம். மேல்துணியின் உட்புறத்தில் பாலியூரித்தேன் பூச்சு இருந்தது. ஈரமும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் ரீதியாகவே சிதையும். ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு பிரித்தால் துணியோடு துணி ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று இருந்தது, புளித்த வாடை வேறு. பாலைவனக் காற்றில் கல்லைக் கட்டி நிறுத்தியபோது ஒரு தையல்கூட விடாத கூடாரம் அது. விற்ற கடையில் கேட்டதற்கு, பயன்பாட்டுத் தேய்மானம், வாரண்டியில் வராது என்றார்கள். அலமாரியில் கிடந்ததற்குப் பெயர் பயன்பாடாம்! அப்புறம் சிலிக்கோன் பூசிய துணியில் ஒன்று வாங்கினேன். தையலுக்கு நாமே பசை பூச வேண்டும், விலையும் கூடுதல், ஆனால் பிசுபிசுப்பு இதுவரை இல்லை. கடலோரத்துக்காரர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

அடுத்தது உலோகம். கயிறு மாட்டும் அலுமினியக் கொக்கிகளான காரபைனர்களில் வெள்ளைப் பொடி பூத்து, கதவு பாதியில் நின்றது. விரிசலில் செருகும் கேம்களின் விசைக்கம்பியும் இறுகிப்போனது. நல்ல தண்ணீரில் அலசி, முழுக்க உலர்த்தி, மெழுகு வகை மசகு போட்டதும் சரியாயின. தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் வேண்டாம், அடுத்த முறை மணல் அத்தனையும் அதில் ஒட்டும். கடல் உப்பு சாதாரண விஷயமில்லை. தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் கயிறு மாட்டப் பதித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்களே உள்ளுக்குள் விரிசல் விட்டு உடைந்ததால்தான் டைட்டானியத்துக்கு மாறினார்கள்.

இறகுப் பை ஈரத்தில் கட்டி கட்டியாகச் சேர்கிறது. அமுக்கிச் சுருட்டி வைக்காமல், பருத்தி உறையில் தொங்கவிட்டால் பரவாயில்லை. கொடைக்கானலோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு செயற்கை இழை அடைத்ததே போதும், கனமாக இருந்தாலும் தொல்லை இல்லை.

கேஸ் அடுப்பில் சொல்ல அதிகம் இல்லை. சிலிண்டரை விமானத்தில் ஏற்ற முடியாது, போகிற ஊரில் வாங்க வேண்டும். வெறும் பியூட்டேன் உறைநிலையில் ஆவியாகாது, ஐசோபியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது கேளுங்கள். ஹெட்லைட் பாலைவனத்தைவிட 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதுதான் அதிகம் உழைத்தது. கரண்ட் இல்லாத தெருவில் என் நெற்றியில் மட்டும் வெளிச்சம்.

கயிற்றோடு இணைக்க இடுப்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸைப் பொறுத்தவரை கணக்கு எளிது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தயாரான தேதியிலிருந்து பத்து வருடம்தான் என்று பெரும்பாலான நிறுவனங்கள் சொல்கின்றன. என்னுடையது அந்த எல்லையை நெருங்குகிறது. பார்வைக்குப் புதிதாகவே இருக்கிறது, இருந்தாலும் மாற்றிவிடுவேன்.

கேம்களையும் காரபைனர்களையும் இப்போது விருத்தாசலத்தில் அக்கா வீட்டுப் பரணில் வைத்திருக்கிறேன். கடல் அவ்வளவு தூரம் வராது. பழைய இரும்புக்காரன் வந்தால் போட்டுவிடுவேன் என்று அக்கா மிரட்டுவது தனிக்கதை.