குன்னூரில் ‘ஒரே தோட்டத்து ஆர்கானிக் டீ’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பத்து நாள் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நமக்கு டீ போடத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று. நாலாயிரம் ரூபாய் போனதைவிட அந்தப் பத்து நாளை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது.

மே மாதம் குடும்பத்தோடு குன்னூர் போயிருந்தோம். ஊர் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, “டீ ஃபேக்டரி பாக்கணும்ல சார்” என்று டிரைவரே ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். நாங்கள் கேட்கவில்லை. அங்கே ஃபேக்டரி என்று இருந்தது கண்ணாடிக்குப் பின்னால் ஓடாமல் நின்ற ஒரே ஒரு ரோலர். மீதியெல்லாம் கடை. சாக்லேட், தைல பாட்டில், அப்புறம் டீ.

கவுண்டரில் இருந்த பையன் பெயர் எழுதாத ஒரு டப்பாவிலிருந்து இலையை எடுத்து, கண்ணாடிக் கோப்பையில் பால் இல்லாமல் டீ போட்டுக் கொடுத்தான். தேன் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் பூ வாசனை. சர்க்கரை போடாமலே குடிக்க முடிந்தது. எங்கள் வீட்டில் டீ என்றால் பாலோடு கொதித்துக் கொதித்துச் செம்மண் நிறத்துக்கு வருவதுதான். டீ இப்படியும் இருக்குமா என்று எனக்கு ஆச்சரியம்.

“பாக்கெட்ல இருக்கிறதும் இதேதானா தம்பி?”

“இதேதான் சார். ஒரே எஸ்டேட். ஆர்கானிக். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ். எல்லாம் எக்ஸ்போர்ட் குவாலிட்டி.”

கால் கிலோ 980 ரூபாய். ஊருக்கு, தங்கைக்கு, அலுவலகத்துக்கு என்று நாலு பாக்கெட், 3,920 ரூபாய். பில் கேட்டேன். பிரிண்டர் ரிப்பேராம். ஜிபேயில் அனுப்பினேன். பணம் போய்ச் சேர்ந்தது கடையின் பெயருக்கு அல்ல, யாரோ ஒரு தனிநபர் பெயருக்கு. அங்கேயே யோசித்திருக்க வேண்டும். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

மதுரைக்கு வந்து முதல் நாளே போட்டுப் பார்த்தேன். ஒரே நிமிடத்தில் கறுஞ்சிவப்பு. வாயில் வைத்தால் கசப்பு தொண்டையைப் பிடிக்கிறது. வாசனை என்று ஒன்றும் இல்லை. பாக்கெட்டில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தவர் ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: “நீங்க போடுற விதம் தப்பா இருக்கும் சார். இது ரொம்ப டெலிகேட் டீ. எங்க மலைத் தண்ணி வேற, உங்க தண்ணி வேற.”

அதில் பாதி உண்மை என்பதுதான் வேடிக்கை. குன்னூர் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், டீயின் மேல் ஏடு மாதிரி படரும், மணத்தையும் அமுக்கிவிடும். ஆக, நானும் நம்பிவிட்டேன். கேன் தண்ணீருக்கு மாறினேன். ஆன்லைனில் ஒரு தெர்மாமீட்டர், நகைக்கடைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசு. 200 மில்லிக்கு இரண்டரை கிராம், கொதி அடங்கவிட்டு 93 டிகிரியில் ஊற்றி, மூடி வைத்து மூன்று நிமிடம். பிறகு 90 டிகிரி, இரண்டு நிமிடம். பிறகு 85. கசப்பு குறைந்தது, ஆனால் டீயே காணாமல் போய்விட்டது. என் மனைவி ஒரு நாள், “உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? பேசாம பாலை ஊத்திக் குடிங்க” என்றாள்.

நண்பன் ஒருவனின் அப்பா கோத்தகிரிப் பக்கம் ஃபேக்டரிகளில் முப்பது வருடம் டீ மேக்கராக இருந்தவர். இப்போது மதுரையில் மகன் வீட்டில் இருக்கிறார். பாக்கெட்டோடு அவரிடம் போனேன். ஒரு பிடி அள்ளி மூடிய கைக்குள் வாயால் ஊதினார். மூச்சின் சூடு பட்டதும் இலை மணக்க வேண்டும். முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைப் பேப்பரில் கொட்டி விரலால் பரப்பினார். முறுக்கிய இலைத் துண்டுகள் கொஞ்சம் இருந்தன. அவற்றுக்கு நடுவே கடுகு கடுகாக உருண்டைகள், நார், பழுப்புக் குச்சி.

“இந்த உருண்டை சிடிசி தம்பி. இதைப் போய் ஆர்த்தடாக்ஸ்னு குடுத்திருக்கான்.”

வெந்நீர் ஊற்றி நாலு நிமிடம் கழித்து வடிகட்டி, சக்கையைத் தட்டில் பரப்பிக் காட்டினார். நல்ல ஆர்த்தடாக்ஸ் இலையை முறுக்கித்தான் காய வைத்திருப்பார்கள். தண்ணீரில் முறுக்கு அவிழ்ந்து இலை இலையாக விரியும், செம்புக் காசு நிறத்தில் இருக்கும், சிலதில் நுனி மொட்டுகூடத் தெரியும். சிடிசி என்பது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டியது. ஊறினாலும் விரிய அங்கே இலை ஏது? என் தட்டில் இருந்தது காப்பிச் சக்கை மாதிரி ஒரு கறுப்புக் குவியல்.

“கிலோ 250 ரூபாய்க்குக் கிடைக்கிற தூளு இது. மேலாகக் கொஞ்சம் இலையைத் தூவியிருக்கான். நீ என்ன டிகிரில ஊத்தினாலும் இது இப்படித்தான் இருக்கும்.”

சாயம் கலந்திருக்குமோ என்ற பயத்தையும் அவரே தீர்த்தார். வடிதாளில் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரம் விட்டுக் குழாயடியில் கழுவினோம். சாயம் இருந்தால் தாளில் கறை நிற்கும். நிற்கவில்லை. விஷம் இல்லை, வெறும் சாதா டீ. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகுதான் பாக்கெட்டையே ஒழுங்காகப் படித்தேன். முன்பக்கம் தங்க எழுத்தில் ‘சிங்கிள் எஸ்டேட்’. பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘பிளெண்டட் அண்ட் பேக்டு பை’, அதாவது கலந்து பேக் செய்தவர் இன்னார் என்று. அந்த முகவரியும் நீலகிரியில் இல்லை, சமவெளியில். ‘ஆர்கானிக்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த பச்சை இலைப் படம் அவர்களே வரைந்துகொண்டது. கடையில் பாக்கெட் போட்டு ஆர்கானிக் என்று விற்றால் சான்றிதழ் வேண்டும், அதற்கான அரசு முத்திரை வேண்டும். 2017இல் வந்த விதி இது. தேயிலை பல்லாண்டுப் பயிர் என்பதால் ரசாயனத்தை நிறுத்தி மூன்று வருடம் காத்திருந்தால்தான் தோட்டத்துக்கே அந்தச் சான்றிதழ் கிடைக்கும். உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கம் சரியாகவே இருந்தது, ஆனால் முதல் இலக்கம் 2. சிறு வியாபாரிகளுக்கான பதிவு அது, பெரிய உரிமம் என்றால் 1இல் தொடங்கும். சிறு வியாபாரியாக இருப்பதில் தப்பே இல்லை, ஆனால் எக்ஸ்போர்ட் குவாலிட்டி என்று அந்தப் பையன் அளந்தானே!

ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் கதையும் அப்படித்தான். அந்தச் சொல்லுக்கு மவுசு டார்ஜிலிங்கில், குளிர் முடிந்து மார்ச் வாக்கில் வரும் முதல் துளிருக்கு. நீலகிரியில் வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கிறார்கள், அங்கே பேர் வாங்கியது டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்து டீ. ஒரே தோட்டம் என்பதும் லேசான காரியமில்லை என்றார் பெரியவர். மலையில் பெரும்பாலும் சிறு விவசாயிகளின் பச்சை இலைதான் பாட் லீஃப் ஃபேக்டரிக்கு, அதாவது பலரிடம் இலையை விலைக்கு வாங்கி டீ செய்யும் ஃபேக்டரிக்குப் போகிறது. நூறு பேர் இலை ஒரே தொட்டியில் வாடும். அதில் எந்தத் தோட்டத்தின் பெயரைப் போடுவது?

நான் செய்த பெரிய தவறு ஒன்றுதான். டப்பாவிலிருந்து போட்டுக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, சீல் வைத்த பாக்கெட்டை வாங்கிவிட்டேன். நீங்கள் போனால் விற்கிற பாக்கெட்டில் ஒன்றை உங்கள் கண் முன்னால் பிரித்துப் போடச் சொல்லுங்கள், அந்த பாக்கெட்டுக்குக் காசு கொடுத்தாலும் பரவாயில்லை. குடித்து முடித்ததும் சக்கையைக் கேளுங்கள். பிரிக்க மாட்டேன் என்றால் சாக்லேட்டோடு வந்துவிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். பில் இல்லாததால் ஜிபே ரசீதையும் பாக்கெட்டின் இரண்டு பக்கப் படங்களையும் கொடுத்தேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனியாக எழுதினேன். பொய் லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. துறையிலிருந்து இன்னும் பதில் இல்லை.

தங்கைக்குக் கொடுக்க வைத்திருந்த பாக்கெட்டைப் பிரித்து மனைவி இஞ்சி தட்டிப் போட்டுப் பால் டீ போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. கிலோ 3,920 ரூபாய்க்கு நன்றாக இல்லாமல் எப்படி?

போன வாரம் கடையிலிருந்து போன். புகாரை வாபஸ் வாங்கினால் இரண்டு பாக்கெட் இலவசமாக அனுப்புகிறார்களாம். என்ன டீ என்று கேட்டேன்.

“அதே டீதான் சார். ஃப்ரெஷ்ஷா.”