டெரியும் பத்தாங்காலியும்: பட்டாளத்திடம் கணக்குக் கேட்க எது வழி?

1969-இல் இரண்டு இடங்களில் பட்டாளம் தெருவுக்கு வந்தது. மே மாதம் கோலாலம்பூரில் இனக்கலவரம். ஆகஸ்டில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டு மோதல். கலவரத்தை அடக்க வந்தவர்கள் ஆயுதமில்லாதவரைச் சுட்டுவிட்டால் அரசாங்கத்தை யார் கேட்பது? மலேசியாவின் உலு சிலாங்கூரில் எங்கள் ஒட்டுக்கடையில் இந்தப் பேச்சு எழுந்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

அரசாங்கமே அறிக்கை எழுதட்டும் என்பது ஒரு கட்சி. மே 13-இல் மூண்ட அந்தக் கோலாலம்பூர் கலவரம் பற்றி தேசிய நடவடிக்கை மன்றம் அதே ஆண்டு அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. இறந்தவர் 196 என்பது அரசுக் கணக்கு. ஆனால் அப்போது நாட்டை ஆண்டதே அந்த மன்றம்தான். தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுக்கும்போது கிராணி (கணக்கெழுதுபவர்) குறைத்துவிட்டார் என்ற புகாரை அந்தக் கிராணியே எழுதிக்கொள்வது மாதிரி. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நீதிபதி விசாரிக்கட்டும் என்றால், எப்படிப்பட்ட விசாரணை? வட அயர்லாந்தின் டெரி நகரில் 1972 ஜனவரி 30 அன்று, விசாரணையின்றிச் சிறைவைப்பதை எதிர்த்து ஊர்வலம் போனவர்களைப் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டனர். 13 பேர் அன்றே இறந்தனர். காயம்பட்ட இன்னொருவர் பிறகு இறந்தார். இங்கிலாந்துத் தலைமை நீதிபதி விட்ஜரி பதினோரு வாரத்தில் விசாரணையை முடித்துக் கொடுத்தார். சிலர் சுட்டது பொறுப்பின்மையை ஒட்டி இருந்தது என்று கடிந்துவிட்டு, பெரும்பாலும் பட்டாளத்தின் கதையையே ஏற்றார். விட்ஜரி பட்டாளத்தில் முன்னாள் பிரிகேடியர் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதே சம்பவத்துக்கு சாவில் பிரபு என்ற நீதிபதியின் தலைமையில் புது விசாரணை 1998-இல் அறிவிக்கப்பட்டது. அறிக்கை வந்தது 2010 ஜூன் 15-இல். 900-க்கும் மேற்பட்டோர் நேரில் சாட்சி சொன்னார்கள். செலவு 19 கோடிப் பவுனுக்கு மேல். வீண்செலவு என்று நம்மூரில்கூடச் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இறந்தவர் யாரும் உயிராபத்து விளைவிக்கவில்லை என்று அது தெளிவாக எழுதியது. அன்றே பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் நின்று அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். விட்ஜரியின் பதினோரு வாரம் தராத ஒன்று அது.

சுட்டவனைக் கூண்டில் ஏற்றுவதுதான் நியாயம் என்பவர்களும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. டெரியில் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட, பெயர் வெளியிடப்படாத ‘சிப்பாய் எஃப்’ மீதான வழக்கு 2025 அக்டோபரில் விடுதலையில் முடிந்தது. சக சிப்பாய்கள் இருவர் 1972-இல் கொடுத்த வாக்குமூலம்தான் முக்கியச் சான்று. அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லாமல் போயிற்று. தவிர, ஒரு சிப்பாய் உள்ளே போனாலும் அவனை அனுப்பிய மேசைக்கு வியர்க்காது.

நான் சாவில் பக்கம்தான். ஆனால் 26 ஆண்டு கழித்துத் தொடங்கும் சாவில் அல்ல. முதல் வாரமே துப்பாக்கிகளைக் கைப்பற்றி, பட்டாளத்துக்குச் சம்பந்தமில்லாதவர் வாக்குமூலம் வாங்கினால்தான் எந்த வழியும் ஊர் சேரும்.

பக்கத்திலேயே பாருங்கள். 1948 டிசம்பர் 12 அன்று பத்தாங்காலி ரப்பர் தோட்டத்தில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் படையினர் 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றனர். இது மதச்சண்டை இல்லை, மலாயாவில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம். ஆனால் கேள்வி ஒன்றுதான். தப்பி ஓடினார்கள் என்றது அரசு. 1970-இல் லண்டனில் தொடங்கிய போலீஸ் விசாரணை ஆட்சி மாறியதும் நின்றது. குடும்பத்தார் கேட்ட பொது விசாரணையை 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஐந்து நீதிபதிகளில் லேடி ஹேல் மட்டும் மாறுபட்டார்.