மதுரை போர்வெல் தண்ணீரில் மலாவி சிக்லிட்: நாலடித் தொட்டி அனுபவம்

சிக்லிட் மீன் என்றதும் ஏதோ ஆப்பிரிக்கச் சமாசாரம் என்று ஒதுக்க வேண்டாம். வண்டியூர்க் கண்மாய் ஜிலேபி மீனும் அந்தக் குடும்பம்தான். 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த மொசாம்பிக் திலாப்பியா அது. தண்ணீர் வற்றுகிற மாசத்தில் கரையோரம் நின்றால் அடியில் தட்டுத் தட்டாகக் குழி பறித்து வைத்திருப்பது தெரியும். குழிக்கு ஓர் ஆண். உடம்பு கறுத்து, தாடை வெளுத்து, துடுப்பு ஓரம் சிவந்து காவல் நிற்கும். பக்கத்துக் குழிக்காரன் எல்லை தாண்டினால் பாயும். பெண் வந்து முட்டையிட்டு, அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். கண்ணாடித் தொட்டிக்குள் நடக்கிற சண்டையும் இதே இடத் தகராறுதான். கண்மாயில் தோற்றவன் நீந்தித் தப்பிவிடுவான். தொட்டியில் போக்கிடம் கிடையாது.

நான் வளர்ப்பது மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழும் ம்புனா வகை. மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்று மூன்று நாடுகள் பங்கு போட்டுக்கொள்ளும் அந்த ஏரி 550 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அந்த வம்சத்தை நாலடிக் கண்ணாடிக்குள் விட்டுவிட்டு, அது கப்பி மீன் மாதிரி சாதுவாக இருக்க வேண்டும் என்றால் நடக்காது. சில வருடங்களாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், சண்டை நிற்கவே நிற்காது. அது ஒரே மீன் தலையில் விடியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தொட்டி அளவு, கல், எண்ணிக்கை எல்லாமே அதற்குத்தான்.

முதலில் வீட்டில் இருந்தது மூன்றடித் தொட்டி. 36 அங்குல நீளம், 15 அகலம், 18 உயரம். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 160 லிட்டர். இப்போது இருப்பது 48க்கு 18க்கு 18, ஏறத்தாழ 255 லிட்டர். லிட்டர் கணக்கில் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூட. சண்டையில் தெரிந்த வித்தியாசம் அதைவிடப் பெரிது. மூன்றடியில் ஓர் ஆண் தலையெடுத்துவிட்டால் மொத்தத் தொட்டியும் அதன் ராஜ்ஜியம். எந்த மூலைக்குப் போனாலும் அடி. நாலடியில் இடக்கோடிக்கு ஒன்று, வலக்கோடிக்கு ஒன்று என இரண்டு நாட்டாமைகள் உட்கார்ந்துகொண்டன. துரத்துகிற மீன் பாதி தூரம் போய்ச் சட்டென்று நிற்கும், அப்புறம் திரும்பிவிடும். பின்னால் அதன் குகை ஆளில்லாமல் கிடக்கிறதே, அந்தக் கவலை. இப்படிப் பாதியில் திரும்புகிறதா, இல்லை கடைசிக் கண்ணாடி வரை துரத்திக்கொண்டே போகிறதா என்பதுதான் தொட்டி போதுமா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்.

தொட்டி செய்யச் சொல்லும்போது கண்ணாடிக் கடைக்காரர், “உயரத்தை ரெண்டடி ஆக்கிக்கிருங்கண்ணே, ஹால்ல வச்சா கம்பீரமா இருக்கும்” என்றார். எல்லாக் கடையிலும் இதைத்தான் சொல்கிறார்கள். உயரத்தை 24 ஆக்கினால் 85 லிட்டர் கூடும், உண்மைதான். ஆனால் தரை அதே ஆறு சதுர அடி. ம்புனா தரையோடும் கல்லோடும் கிடக்கிற மீன். மேலே கூடுகிற அரையடித் தண்ணீரால் அதற்கு ஒரு குகைகூடக் கூடாது. காசு செலவழிப்பதென்றால் நீளத்தில் செலவழியுங்கள், இல்லையென்றால் அகலத்தில். மூன்றடித் தொட்டியின் தரை நாலு சதுர அடிகூட வராது. எடையையும் யோசித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டுமே கால் டன். கல், கண்ணாடி, இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவைத் தாண்டும். மாடியில் வைப்பதானால் அறை நடுவில் வைக்காமல், பீம் போகிற சுவரை ஒட்டி வையுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவே தெர்மாகோல் கட்டாயம்.

கல்லுக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. மேலூர்ப் பக்கத்து கிரானைட் உடைசல் தண்ணீரை எதுவும் செய்யாது. ஓரம் கத்தி மாதிரி இருந்தால் மட்டும் தேய்த்துவிட வேண்டும். அதோடு மானாமதுரைச் சட்டி, சின்னப் பூந்தொட்டி இவற்றைப் பக்கவாட்டில் கவிழ்த்து வைத்தால் அருமையான குகை. வர்ணம் பூசாததாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் கல், அதன்பிறகுதான் மணல். ம்புனா மணலை வாயால் அள்ளி அள்ளித் துப்பும். மணல் மேல் கல்லை நிறுத்தினால் அடியில் தோண்டி ஒருநாள் சரித்துவிடும். சரிந்த கல் கண்ணாடியில் விழுந்தால் ஹாலே கண்மாய்தான். அடுக்கும்போது, இந்தக் கோடியில் இருந்து பார்த்தால் அந்தக் கோடி தெரியாதபடி நடுவில் ஒரு மறைப்பு வர வேண்டும். எதிரி கண்ணில் படாவிட்டால் பாதிச் சண்டை குறைகிறது. ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் வையுங்கள். ஒரே வாசல் என்றால் உள்ளே போன மீன் மாட்டிக்கொள்ளும்.

இனி மீன். கடைகளில் ‘மிக்ஸ் ஆப்பிரிக்கன்’ என்று ஒரே தொட்டியில் குஞ்சுகளைக் கலந்து வைத்து ஜோடிக் கணக்கில் விற்கிறார்கள். எனக்கு ஒரு கடையில் ‘மஞ்சள் சிக்லிட்’ என்று கொடுத்ததில் பாதி எலக்ட்ரிக் எல்லோ, மீதி ஆரட்டஸ். விரல் நீளத்தில் இரண்டும் மஞ்சள்தான். ஆரட்டஸுக்கு உடம்போடு கறுப்புக் கோடு ஓடும், அதுவும் பார்க்க அழகுதான். சில மாதம் போனதும் அதில் ஒன்று நிறம் மாற ஆரம்பித்தது. மஞ்சள் அழுக்காகி, வயிறு கறுத்து, கோடு மட்டும் வெளுத்தது. கடைசியில் நெகட்டிவ் படம் மாதிரி ஆகிவிட்டது. ஆரட்டஸில் ஆண் தலையெடுப்பதன் அடையாளம் அது. நிறம் முழுசாக மாறுவதற்குள் மற்ற ஆரட்டஸ்களின் வாலெல்லாம் கந்தல். ஒன்று ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தலை மேலாக நின்றுகொண்டே இருந்தது. இரை போட்டாலும் இறங்கவில்லை. தொட்டியில் ஒரு மீன் இப்படி மேல்மூலையில் ஒண்டி, துடுப்பை மடக்கி நின்றால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்று வைத்தால் இருக்காது. ஆரட்டஸ், அதே மாதிரி முரடான கென்யி இரண்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நாலடித் தொட்டிக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

இப்போது இருப்பவை எலக்ட்ரிக் எல்லோ, ரஸ்டி, பவுடர் ப்ளூ என்கிற ஸோகோலோஃபி. மூன்றும் ம்புனாவில் கொஞ்சம் நிதானமானவை. நிறம் மூன்றும் வேறு வேறு. இந்த நிற வித்தியாசம் முக்கியம். தன்னைப் போலத் தோற்றமுள்ள மீனைத்தான் ஆண் முதல் எதிரியாக நினைக்கிறது. எலக்ட்ரிக் எல்லோவோடு ரெட் ஜீப்ரா என்கிற இன்னொரு ம்புனாவைப் போட்டால் கலப்பினக் குஞ்சு வரும், அதனால் அதைத் தவிர்த்துவிட்டேன். ஓர் இனத்துக்கு ஓர் ஆண், மூன்று நாலு பெண் என்பது கணக்கு. ஒரு ஜோடி மட்டும் விட்டால் அந்தப் பெண் பாவம். நாள் முழுக்க அதையே விரட்டும். பெண்கள் பலராக இருந்தால் தொல்லை பங்காகிவிடும். எலக்ட்ரிக் எல்லோவில் குஞ்சாக இருக்கும்போது ஆண் பெண் பிரிக்க முடியாது. எட்டுப் பத்தாக வாங்கி வளர்த்து, கூடுதல் ஆண்களைப் பிறகு கடைக்கே கொடுத்துவிடுவதுதான் நடைமுறை.

மொத்தம் இருபது மீன் வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் நெரிசல் என்பார்கள். நெரிசல் வேண்டுமென்று வைத்ததுதான். ஐந்தாறு மீன் மட்டும் இருந்தால் ரவுடிக்கு ஆள் அடையாளம் பிசகாது. பெரியார் பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் ஒருத்தனை விடாமல் துரத்த முடியுமா? ஆனால் இந்தத் தந்திரத்துக்கு விலை உண்டு, அதைக் கழிவாகக் கட்ட வேண்டும். மணிக்கு 2000 லிட்டர் தள்ளுகிற கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று, காற்று பம்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். இதைச் செய்ய முடியாதவர் நெரிசலாக வைக்கக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் மதுரைக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள் என்றால் வீட்டில் அடிக்க வருவார்கள். குழாய் வாயெல்லாம் வெள்ளை படியவைக்கிற எங்கள் போர் தண்ணீர் சோற்றுக்கும் ஆகாது, சோப்புக்கும் ஆகாது. ம்புனாவுக்கு அமிர்தம். மலாவி ஏரித் தண்ணீர் பி.எச். 8ஐ ஒட்டிய காரத் தண்ணீர். எங்கள் போரும் அங்கேதான் நிற்கிறது. மார்பிள், பவளத்துண்டு என்று எதையும் போட்டு பி.எச்.ஐ ஏற்ற வேண்டியதில்லை. மாநகராட்சித் தண்ணீர் கலந்தால் மட்டும் குளோரினை நீக்கும் சொட்டு மருந்து.

இதிலும் ஒரு வினை இருக்கிறது. பி.எச். ஏறினால், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் விஷமும் ஏறும். 30 டிகிரி வெயில் தண்ணீரில், பி.எச். 7ல் இருப்பதைவிட 8ல் விஷ அம்மோனியாவின் பங்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. மிச்ச இரை அழுகினால் சாதாரண மீன் தாங்குகிற அளவை இங்கே தாங்காது. சித்திரை வெயிலில் ஆக்சிஜனும் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் கரைகிறது, 32 டிகிரியில் 7.3தான். சூட்டில் மீனுக்குச் சுறுசுறுப்பும் கூடுவதால் சண்டையும் ஏறுகிறது. நான் செய்வது, மூடியைத் திறந்து டேபிள் ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் திருப்பிவிடுவது, இரையைக் குறைப்பது. தண்ணீர் மாற்றுவது விடிகாலையில்தான். மத்தியானம் மொட்டைமாடி சின்டெக்ஸ் தண்ணீரைத் திறந்தால் மீன் குழம்பு. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகிற நாளுக்கு ஸ்பாஞ்சோடு பேட்டரி பம்ப். பல மணி நேரம் நின்ற கேனிஸ்டரை அப்படியே ஓடவிடாமல், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

புது மீன் விடுவதானால் ஒவ்வொன்றாக விடாதீர்கள், கூட்டமாக விடுங்கள். அன்றைக்குக் கல்லையெல்லாம் மாற்றி அடுக்கிவிட்டு, ராத்திரி விளக்கை அணைத்த பிறகு விடுங்கள். விடியும்போது பழைய நாட்டாமையும் புது வீடு தேடிக்கொண்டிருக்கும். அப்படியும் ஒன்று அடாவடி செய்தால், அடிபடுகிறதை எடுப்பதைவிட அடிக்கிறதை எடுப்பது நல்லது. வேறொரு இரண்டடித் தொட்டியில் ஒரு வாரம் தனியாகப் போட்டுத் திரும்ப விட்டால் கொட்டம் அடங்கியிருக்கும். முட்டை அள்ளிய பெண்ணுக்கும் அதே தொட்டிதான். மூன்று வாரம் வரை வாயில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும், அந்த நேரத்தில் விரட்டல் தாங்காது.

இரை பற்றி ஒரே வார்த்தை: ஸ்பைருலினா, அதாவது பாசி இரை. ம்புனா பாசி மேய்கிற மீன். ரத்தப்புழு, இறைச்சி என்று கொழுப்பாகப் போட்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும்.

ஆஸ்கரையும் இதோடு சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. அது தென் அமெரிக்க மீன், ஓரடி வளரும், தனி ஒன்றுக்கே நாலடித் தொட்டி வேண்டும். ஃபிளவர்ஹார்ன் என்கிற கலப்பின சிக்லிட் பெரும்பாலும் தனியாகவே இருக்க வேண்டிய ஜென்மம். வாஸ்துவுக்கு என்று இரண்டடித் தொட்டியில் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மீன் மேல்தான் இரக்கம் வரும்.

வீட்டில் இரண்டடித் தொட்டிக்குத்தான் இடம் என்றால் ம்புனாவை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் சிப்பி சிக்லிட்களைப் பாருங்கள். மல்ட்டி என்பார்கள், இரண்டு அங்குலத்துக்குள் நின்றுவிடும். ஒவ்வொன்றும் ஒரு காலி நத்தை ஓட்டைப் பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்தும். ஓட்டுக்கு ஒத்தக்கடைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் பொறுக்கினால் போதும், கொதிக்கவைத்துப் போடலாம். மீன்தான் உள்ளூர்க் கடைகளில் லேசில் கிடைக்காது. சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் சொல்லி வைத்து, ராத்திரி பஸ்ஸில் பார்சல் போடச் சொல்லுங்கள், காலையில் மாட்டுத்தாவணியில் எடுத்துக்கொள்ளலாம்.