24,000 ரூபாயும் என் மகனின் விரல்களும்: இணையவழிக் கிடார் வகுப்பில் சேரும் முன் இதைப் படியுங்கள்

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." மகனைச் சேர்த்த இணையவழிக் கிடார் வகுப்பு நிறுவனத்திடமிருந்து நேற்று மாலை ஐந்தேகால் மணிக்கு வந்த மின்னஞ்சலில் இந்த ஒரு வரிதான் இருந்தது. எதைத் தீர்த்தார்கள்? ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை. 24,000 ரூபாய். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். மகன் ஏழாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் சமயத்தில் தெருமுனைக் கோயில் பாடகர் குழுவில் கிடார் வாசிப்பதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு அதே நினைப்பு. மே மாத விடுமுறையில் சேர்த்துவிடலாம் என்று, புதிதாகக் கற்பவர்கள் எப்படிப் பயிற்சி செய்ய வேண்டும் என்று கைப்பேசியில் தேடிப் படித்தேன். அன்று மாலையே இசை கற்றுத்தரும் செயலி ஒன்றின் விளம்பரம் வந்தது. புகார் இன்னும் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. கிடாரையும் வீட்டுக்கே அனுப்பி, ஆசிரியரையும் தந்து, ஆறு மாதத்தில் வாசிக்க வைப்பதாகச் சொல்லும் வகை என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் இலவச வகுப்பில்தான் நான் விழுந்தேன். திரையில் வந்த ஆசிரியருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவ்வளவு பொறுமை. "தம்பி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் 15 நிமிடம் வாசிப்பது மேல்" என்றார். கிடாரைப் பைக்குள் பூட்டி வைக்காதே, கண்ணில் படும் இடத்தில் வை என்றார். வேகம் தானாக வரும், முதலில் ஒவ்வொரு கம்பியும் சுத்தமாக ஒலிக்கிறதா என்று கேள் என்றார். நான் படித்து வைத்திருந்ததும் அதேதான். அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி, அதனால்தான் நம்பினேன். மகனின் கையைக் கேமரா முன் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்ல நீளமான விரல்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்வான்" என்றார். அவன் முகத்தை நான் பார்த்தேன். அந்த முகத்துக்காகத்தான் பணம் கட்டினேன்.

வகுப்பு முடிந்த பத்தாவது நிமிடம் ஆலோசகர் என்று ஒரு பெண் அழைத்தார். தனி ஆசிரியர், அவனுக்கென்றே எழுதிய பயிற்சி அட்டவணை, கிடார், எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய். அந்தச் சலுகை இரவு பன்னிரண்டு மணி வரைதானாம். யோசிக்க வேண்டும் என்றேன். "வட்டியில்லாத் தவணைதான் மேடம், மாதம் 4,000. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். ஆதார், பான், ஓடிபி. பத்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் ஒப்புதல் கொடுத்தது வகுப்புக்கு அல்ல, ஒரு நிதி நிறுவனத்தின் கடனுக்கு என்பது அந்த நிறுவனத்தின் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் புரிந்தது. 24,000 ரூபாயும் மொத்தமாக வகுப்பு நடத்துபவர்கள் கைக்குப் போய்விட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நிதி நிறுவனம் தவணை பிடிக்கும். நான் நிறுத்தினால் என் சிபில் மதிப்பெண்தான் அடிவாங்கும்.

அந்த ஆசிரியரை மறுபடி பார்க்கவே இல்லை. ஏழு வாரத்தில் நான்கு பேர் மாறினார்கள். தனி வகுப்பு என்று சொன்னதில் பதினாறு பிள்ளைகள் இருந்தார்கள். "அவனுக்கென்றே எழுதிய அட்டவணை" எல்லாருக்கும் போன அதே தாள்தான், பெயர்கூட மாற்றவில்லை. முதல் வாரமே ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளையும் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) கொடுத்து, "வேகமாக மாற்றுங்கள், அடுத்த வாரம் பாட்டு" என்றார்கள். முதல் நாள் சொன்னதற்கு நேர் எதிர்.

வந்த கிடாரின் கதைதான் கொடுமை. மகன் அழுத்தி அழுத்தி விரல் நுனி கன்றிப்போனது. நான்காவது வாரம் ஆள்காட்டி விரலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. வகுப்பில் சொன்னால், "ஆரம்பத்தில் எல்லாருக்கும் வலிக்கும், தோல் தடித்துவிடும், இன்னும் அழுத்துங்கள்" என்ற ஒரே பதில். உண்மைதான், எல்லாருக்கும் சில வாரம் வலிக்கும். அந்த உண்மையை வைத்தே என் வாயை அடைத்தார்கள். தினமும் 15 நிமிடம் என்று ஆசையோடு உட்கார்ந்தவன் ஐந்து நிமிடத்தில் எழுந்தான். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். கடைசியில் கிடாரைப் பைக்குள் வைத்து அலமாரியின் மேல் ஏற்றிவிட்டான். "என் விரல் சரியில்லை அம்மா, எனக்கு வராது" என்று சொன்னான். 24,000 ரூபாயைவிட இந்த வார்த்தைதான் என்னை எரிக்கிறது.

அதே பாடகர் குழுவில் முப்பது வருடமாக வாசிக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கிடாரைக் கொண்டுபோனேன். வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். பிறகு சிறிய அளவுகோலை எடுத்துப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் (கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) மேல் நிறுத்தினார். அதற்கும் தடித்த கம்பிக்கும் இடையே ஐந்து மில்லிமீட்டர். "இரண்டரை இருந்தால் போதும் அம்மா. இதில் நானே அரை மணி நேரம் வாசிக்க மாட்டேன். பையன் விரலில் ஒரு குறையும் இல்லை" என்றார். தலைப்பக்கம் கம்பிகள் பதியும் நட் என்ற பட்டையும் உயரம், அதனால்தான் முதல் ஃபிரெட்டில் அழுத்தவே முடியவில்லையாம். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எதுவும் பேசவில்லை.

அன்றைக்கே அளவுகோலோடு படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை பதினோரு அழைப்புகள். ஆலோசகர் இப்போது வேறு பிரிவுக்குப் போய்விட்டாராம். "உயர் அதிகாரி 48 மணி நேரத்தில் அழைப்பார்." அழைக்கவில்லை. "கிடார் இலவசப் பொருள் மேடம், அதற்கு உத்தரவாதம் கிடையாது." விளம்பரத்தில் அதன் விலை 6,500 என்று போட்டு, 24,000 ரூபாய்க்குள் அதுவும் சேர்த்தி என்றவர்களே இவர்கள். "நான்கு வகுப்புக்கு மேல் போய்விட்டால் பணம் திரும்பாது, விதிமுறையில் இருக்கிறது." எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொன்னது? "அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்." கடைசியாக நேற்றைய மின்னஞ்சல்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயிற்சி முறைகளை விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். மனம் ஓடவில்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கிடாரை நேரில் பார்த்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கையோடு கூட்டிப்போய் வாங்குங்கள், பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அளந்து பாருங்கள். விரலை ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால், தலைப்பக்கமாக, ஒட்டினாற்போல் வைத்தால் குறைந்த அழுத்தமே போதும். அப்படியும் ஒலிக்கவில்லை என்றால் பிள்ளையைத் திட்டும் முன் கிடாரைச் சோதியுங்கள். ரத்தம் வந்தால் நிறுத்துங்கள். முதலில் இரண்டே கார்டுகள், மெட்ரோனோம் என்ற தாளக் கருவியில் நிமிடத்துக்கு 60 தட்டு, சுத்தமாக மாற்ற வந்த பிறகு மூன்றாவது. சுருதி சேர்க்க இலவசச் செயலி இருக்கிறது, பணம் கொடுக்காதீர்கள். இலவச வகுப்பு எடுத்தவரே தொடர்ந்து வருவாரா என்று எழுத்தில் கேளுங்கள். "இன்று இரவு வரைதான்" என்றால் தொலைபேசியை வைத்துவிடுங்கள். தவணை என்றால் யாரிடம் கடன் என்று கேட்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள். நான் செய்யவில்லை, அதனால்தான் "யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்" என்று என்னிடம் துணிந்து சொல்ல முடிகிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை பதிவு செய்துவிட்டேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை.

அண்ணாச்சி கிடாரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையைத் தேய்த்துத் தாழ்த்தி, சனிக்கிழமை தருவதாகச் சொன்னார். மகனையும் வரச் சொல்லியிருக்கிறார், அவன் வருவதாக இன்னும் சொல்லவில்லை. மூன்றாவது தவணை 5ஆம் தேதி என் கணக்கிலிருந்து எடுக்கப்படும்.