முந்நூறு காயினும் மூன்று ஏழும்

சேலத்தில் செட் என்றால் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி, காரச் சட்னி. சீட்டாடும் வீடுகளில் என்றால் ரம்மி செட். எங்கள் ஆறு பேருக்கு மட்டும் இரண்டு வருடமாக மூன்றாவதாக ஒரு செட் உண்டு. போக்கரில் ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு. கையில் ஒரு ஜோடி இருக்க, நடுவில் திறக்கும் அந்த முதல் மூன்று சீட்டில் அதே எண் ஒன்று வந்து விழுவதுதான் செட். அதை ஒழுங்காக ஆடக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் போக்கர் பெட்டியை வாங்கினேன் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை ஏற்காட்டில், நாகலூர் பக்கம் ஒரு நண்பரின் வீட்டில் கூடுவோம். காசு கிடையாது. ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதை 2025-ல் மத்தியச் சட்டமே தடை செய்துவிட்டது. நாங்கள் அதற்கு முன்பும் அந்தப் பக்கம் போனதில்லை. தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும், அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீரில் கழுவிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய பணயம் என்று தெரியும்.

முன்பெல்லாம் புளியங்கொட்டை வைத்து ஆடினோம். ஆளுக்கு ஒரு குவியல். பந்தயம் என்றால் ஒரு கைப்பிடி. நடுவில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அப்படி ஒரு ராத்திரி என் கையில் இரண்டு ஐந்து. நடுவில் ஹார்ட் ஜாக்கி, ஹார்ட் ஐந்து, ஸ்பேட் மூன்று. ஜோடி வைத்திருப்பவருக்கு முதல் மூன்று சீட்டில் செட் விழும் வாய்ப்பு 11.8 சதவீதம்தான், எட்டரை தடவைக்கு ஒன்று. வந்த லட்சுமியை விரட்டக் கூடாது என்று பந்தயம் வைக்காமல் மேசையைத் தட்டிவிட்டேன். பதுங்கினால் மற்றவர்கள் தானாக வந்து விழுவார்கள் என்று நினைப்பு. எல்லோரும் தட்டினார்கள். அடுத்த சீட்டு ஹார்ட். கையில் இரண்டு ஹார்ட் வைத்திருந்த மச்சினனுக்கு, ஒரு கொட்டை செலவில்லாமல் ஃப்ளஷ், அதாவது ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு, முடிந்தது. அதைத் தாண்ட எனக்கு மிச்சமிருந்தது 46 சீட்டில் 10 சீட்டு, அதாவது 22 சதவீதம். வரவில்லை. நான்தான் கழுவினேன்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். சேலத்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 2,350 ரூபாய். அலுமினியப் பெட்டி, 300 காயின், இரண்டு பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு, ஒரு டீலர் வட்டு. மேலே 11.5 கிராம் காயின் என்று போட்டிருந்தது. செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன் எடையை அப்படியே நம்புவானா? வெள்ளித் தராசில் பத்து காயினைத் தனித்தனியாக வைத்தேன். 11.3-லிருந்து 11.7 வரை வந்தது. வெள்ளியாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிளாஸ்டிக்குக்கு இது போதும். உள்ளே ஒரு இரும்புத் தகடு இருப்பதால்தான் கையில் கனம் தெரிகிறது. காந்தம் வைத்தால் ஒட்டுகிறது.

வெள்ளை 5, சிவப்பு 10, பச்சை 25, கருநீலம் 50, கருப்பு 100. ஆறு பேருக்கு ஆளுக்கு ஆயிரம் தாராளமாக வருகிறது. புளியங்கொட்டையில் இல்லாத வசதி, பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயம், எவ்வளவு என்று ஒரே பார்வையில் தெரிவது. செட்டை ஆடுவதற்கு முக்கால் பங்கு அறிவு அதுதான். பாட்டில் 100 இருக்கும்போது 70 வைத்தால், எதிராளி 170-ஐ எடுக்க 70 கொடுக்கிறான். அதற்கு அவனுக்கு 29 சதவீத வாய்ப்பு வேண்டும். நாலு ஹார்ட்டோடு ஐந்தாவதுக்குக் காத்திருப்பவனுக்கு அடுத்த சீட்டில் இருப்பது 19. நஷ்டக் கணக்கில்தான் அவன் வருவான். தட்டிவிட்டால் அதே சீட்டை இனாமாகக் கொடுத்த மாதிரி.

பெட்டியின் பெரிய குறை கருநீலமும் கருப்பும். பகலில் சரி. மஞ்சள் பல்பின் கீழே இரண்டும் ஒன்றுதான். இதைக் குறை என்று எழுதவே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அதனால்தான் என் வாழ்நாளின் சிறந்த ஆட்டம் நடந்தது.

கையில் இரண்டு ஏழு. 30 வைத்தேன், இரண்டு பேர் அதே 30 கொடுத்துக் கூட வந்தார்கள், சீட்டுப் பார்க்கும் முன்பே ஒருவர் வைக்க வேண்டிய சின்ன பிளைண்டின் 5-ஐயும் சேர்த்து பாட்டில் 95. நடுவில் ஹார்ட் ராணி, ஹார்ட் ஒன்பது, கிளாவர் ஏழு. பழைய ஞாபகத்தில் தட்டக் கூடாது என்று மட்டும் தெரியும். ஆனால் பயமுறுத்தவும் மனசில்லாமல் ஒரு 50 வைத்தேன். வைத்த பிறகு பார்த்தால் அது கருப்பு. எங்கள் விதிப்படி வாயால் சொல்லாவிட்டால் வைத்ததே பந்தயம். டெய்லர் அண்ணன் சீட்டைப் போட்டு விலகிக்கொண்டார். மச்சினன் 100 கொடுத்து வந்தான். பாட் 295. அடுத்து ஸ்பேட் இரண்டு, யாருக்கும் உதவாத சீட்டு. இந்தத் தடவை தெரிந்தே 200 வைத்தேன். வந்தான். பாட் 695, அவனிடம் மிச்சம் 670. கடைசிச் சீட்டு கிளாவர் நாலு. மொத்தத்தையும் தள்ளினேன். ரொம்ப நேரம் யோசித்து வந்தான். அவனிடம் ராணியும் ஒன்பதும், இரண்டு ஜோடி. பாட் 2,035.

படுக்கையில் கணக்குப் போட்டேன். முதலில் நினைத்தபடி 50, பிறகு 100, பிறகு 200 என்று பாதிப் பாதியாகப் போயிருந்தால் மொத்தம் 795-தான். முதல் பந்தயம் பெரிதானால் பாட் ஒவ்வொரு சீட்டுக்கும் பெருத்துக்கொண்டே போகிறது. கடைசியில் மொத்தத்தையும் தள்ளினாலும் பாட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது. இரண்டு ஜோடி வைத்திருப்பவன் விடவும் மாட்டான்.

எப்போதும் இப்படிப் பெரிதாக வைக்க வேண்டியதில்லை. ராஜா, ஏழு, இரண்டு என்று மூன்று வெவ்வேறு ஜாதியில் விழுந்தால் துரத்துவதற்கு ஒன்றுமில்லை. பாட்டில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் போதும், ராஜா வைத்திருப்பவன் வருவான். அப்புறம், எதிராளியிடம் பெரிய செட் இருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, நேராக அடுப்பங்கரைக்குப் போய்விடலாம்.

கூடவே வந்த குறிப்புத் தாளில் எந்தக் கை எதைவிடப் பெரியது என்ற பட்டியல் மட்டும்தான். கையில் ஜோடி இருந்து வரும் மூன்றுக்கும், நடுவில் ஜோடி விழுந்து வரும் மூன்றுக்கும் அதில் வித்தியாசமே இல்லை. ஆட்டத்திலோ முதலாவதை யாரும் பார்ப்பதில்லை, இரண்டாவதை எல்லோரும் சந்தேகப்படுவார்கள்.

சீட்டுக்கட்டு அருமை. ஏற்காட்டு மூடுபனியில் காகிதச் சீட்டு ஒரே ராத்திரியில் ஊறி வளைந்துவிடும். இது குழாயில் கழுவித் துடைத்தாலும் அப்படியே இருக்கிறது. மர மேசையில் வழுக்குகிறது, ஜமக்காளம் விரித்தால் சரியாகிவிடும். மூலையில் எண் சின்னது. கண்ணாடி போட்டவர்கள் ஆறையும் எட்டையும் குழப்புகிறோம்.

தாழ்ப்பாள் மட்டமானது. இரண்டாவது பயணத்திலேயே, இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறும்போது ஒன்று பிய்ந்தது. மூன்றரைக் கிலோ காயினை ஸ்கூட்டர் கால்மிதியில் பிடித்துக்கொண்டு ஏறினோம். கடையில் மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். இப்போது சைக்கிள் டியூப் போட்டுக் கட்டியிருக்கிறேன். ஆறு பேருக்கு வாங்கலாம், எட்டுப் பேர் என்றால் 500 காயின் பெட்டியாகப் பாருங்கள். தாழ்ப்பாளைக் கடையிலேயே பத்துத் தடவை திறந்து மூடிப் பாருங்கள்.

கருப்புக் காயின் எல்லாவற்றிலும் பட்டறையின் வட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். இருந்தும் நான் எதை வைத்தாலும் மச்சினன், "மாமா, இது தெரிஞ்சு வெச்சதா, தெரியாம வெச்சதா?" என்று கேட்கிறான். இரண்டுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறேன்.